ஜெயமேரி ‘யெஸ்’ கொடுக்காத காலை

2008-ல் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர் அறையில் ஒரு கேவிஎம் சுவிட்ச் இருந்தது. வேறு ஊரிலிருந்து பிரவுசர் வழியாக அதில் நுழைந்தால் சர்வரின் திரை அங்கேயே தெரியும். சிதம்பரம் கிளையில் லேப் பொறுப்பாளர் ஜெயமேரி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை அப்படித்தான் பார்ப்பார்.

இது அசல் சுவிட்ச்தான் என்று பிரவுசருக்குக் காட்ட ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. சுவிட்சோடு வந்ததைப் பிரவுசர் நம்பாது. ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டும். “யெஸ் கொடுத்துட்டுப் போங்க” என்று இரண்டு வருடம் எல்லோருக்கும் சொல்லிவந்தவன் நான்தான். பிறகு ஒருவழியாக தகவலை யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் என்கிரிப்ஷனைச் சரியாக அமைத்து, எங்கள் சொந்தச் சான்றிதழை ஏற்றி, கிளைக் கணினிகளிலும் பதிந்தேன். இனி எச்சரிக்கை வராது என்றேன்.

பத்தாம் நாள் காலை ஜெயமேரி போன் செய்தார். எச்சரிக்கை வந்திருக்கிறது, ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியைத் தயார் செய்துவிட்டு டாக்டர் ரிப்போர்ட் கேட்கிறார் என்றார். நான் கடலூரில் திறந்து பார்த்தேன். எச்சரிக்கை இல்லை.

“எனக்கு நல்லாத்தான் வருது. யெஸ் கொடுங்கம்மா, டாக்டர் வெயிட் பண்றாரு.”

“இனிமே வராதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? வந்துருக்குதே. நான் பாஸ்வேர்ட் போட மாட்டேன்.”

குரலை உயர்த்திப் பார்த்தேன். அவர் மசியவில்லை. வேறு வழியின்றி, எச்சரிக்கைப் பெட்டியில் சான்றிதழின் அடையாள எண்ணைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சான்றிதழுக்கும் அது தனி. முதல் நான்கு இலக்கங்களே என் திரையில் இருந்ததோடு சேரவில்லை. எங்கள் சுவிட்சாக நடித்து நடுவில் வேறு ஏதோ நின்றிருந்தது.

ரிப்போர்ட்டை நானே போனில் வாசித்தேன். அவர் எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்த்து, தியேட்டருக்கு அனுப்பினார். பிறகு பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். ரிசப்ஷன் மேசைக்கு அடியில், ஒயர்களுக்குப் பின்னால் ஒரு லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய மாதம் நாங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருடையது அது. ஜெயமேரி பாஸ்வேர்ட் போட்டிருந்தால் நோயாளிகளின் பதிவுகள் அந்த சர்வீஸ்காரர் கைக்குப் போயிருக்கும். நிர்வாகம் போலீசில் புகார் கொடுத்தது.

ஜெயமேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அடுத்த தடவ நான் மாட்டேன்னா, கத்தாம மொதல்ல அந்த நம்பரப் படிக்கச் சொல்லுங்க சார்.”

அதற்குப் பிறகு யாருக்கு லாகின் கொடுத்தாலும், எச்சரிக்கை வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். நிறையப் பேர் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் வெறும் பயம்தான். ஒருவரையும் திட்டியதில்லை.