கத்தரிக்காய்க்குப் பாணி

அம்மா இறந்து மூன்றாம் நாள், நான் ஸ்பெயினில், கிரனாடா நகரத்துச் சந்தொன்றில் பொரித்த கத்தரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இறந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில், எங்கள் அப்பார்ட்மென்டின் தரையில் இருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி எடுத்த எங்களை மூன்று கிழமைப் படிப்புக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். கடைசியில் ஒரு சோதினையும் உண்டு. எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள்.

வெளிக்கிடும் நாள் நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"உன்ரை படிப்பு எனக்கு விளங்காது தம்பி. ஆனா சாப்பாடு விளங்கும். அங்கத்தைச் சனம் என்னத்தை எப்பிடிச் சமைக்கினம் எண்டு ஒண்டும் விடாமல் பாத்துக்கொண்டு வந்து சொல்லு."

அதையெல்லாம் எழுதவென்றே ஒரு கொப்பி வைத்திருந்தேன். பாதாமும் உள்ளியும் பச்சையாக அரைத்துக் குளிர வைத்த வெள்ளைச் சூப், மேலே நாலு திராட்சை. சீரகம் போட்டு, கீரையோடு பிரட்டிய கொண்டைக்கடலை. மலைக்காற்றில் காயவிட்டு, அந்தப் பக்கம் தெரியுமளவுக்கு மெல்லிசாய்ச் சீவிய பன்றித்தொடை. முதற்கிழமை இவற்றையெல்லாம் ஃபோனில் நானே அம்மாவுக்குச் சொன்னேன். "பச்சை உள்ளியோ? பக்கத்திலை ஆரும் இருக்கேலாதே!" என்று சிரித்தார்.

இரண்டாம் கிழமை ஒருநாள் அக்கா ஃபோனை எடுத்தாள். அம்மா குளிக்கிறா என்றாள். அடுத்த நாள், அம்மா கோயிலுக்குப் போட்டா என்றாள். அம்மா வெள்ளிக்கிழமையில் மட்டும் கோயிலுக்குப் போகிறவர். அன்றைக்குச் செவ்வாய். எனக்கு அது உறைக்கவேயில்லை.

மூன்றாம் நாள்தான் கத்தரிக்காய், மேலே தேன்போல் காய்ச்சிய கரும்புப் பாணி ஊற்றியது. சாப்பிட்ட கையோடு தெருமுனை ஃபோனுக்கு ஓடினேன்.

"அக்கா, அம்மாட்டைச் சொல்லு. இஞ்சை கத்தரிக்காயைப் பொரிச்சு மேலை பாணி ஊத்திச் சாப்பிடுறாங்கள்!"

பின்னால் ஆட்கள் கதைக்கும் இரைச்சல் கேட்டது.

"ஆரக்கா வந்திருக்கினம்?"

"சும்மா, தெரிஞ்ச சனம்." மூக்கை உறிஞ்சினாள். தடிமன் என்றாள். பிறகு, "அம்மா கேக்கிறா, கத்தரிக்காய்க்குப் பாணியோ, உதென்ன விசர் வேலை எண்டு."

நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

அடுத்த நாள் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். சுவர் முழுக்க அரபு எழுத்து, கொடி படர்ந்தது போல. எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. எங்கள் ஸ்காபரோவில் பஸ் வரும்போது அதன் நெற்றியில் எழுதியிருப்பதை அம்மா அண்ணாந்து பார்ப்பார். சாமி முகத்தைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்பார். எத்தனையோ தடவை எரிச்சலோடு பதில் சொல்லியிருக்கிறேன். அந்தச் சுவருக்கு முன்னால் நானும் அப்படித்தான் அண்ணாந்து நின்றேன். இதைக் கொப்பியில் எழுதவில்லை. ஃபோனிலும் சொல்லவில்லை. நேரே போய், பக்கத்தில் இருந்து சொல்ல நினைத்தேன்.

சோதினை எழுதி முடித்துத் திரும்பினேன். விமான நிலையத்தில் அப்பா மீசையில்லாமல் நின்றார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவரை அப்படிக் கண்டதில்லை. கொள்ளி வைக்கிறவர்தான் எங்கள் ஆட்களில் மீசையை எடுப்பார். அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

நான் பெட்டியை விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

"நித்திரையிலை போட்டா தம்பி," என்றார் அப்பா. "சோதினை இருக்கெண்டு சொன்னனியெல்லே. படிக்கப்போன பிள்ளையைக் குழப்பாதேங்கோ எண்டு நான்தான் எல்லாருக்கும் சொன்னனான்."

"நான் ஒரே மகன் அப்பா."

"ஓம்," என்றார். நான் விட்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

காரில் அக்காவிடம் கேட்டேன். "அப்ப, அம்மா சொன்னது?"

"அண்டைக்குத்தான் அம்மாவை எடுத்தது. சுடலையாலை வந்து நிக்கிறம், நீ கத்தரிக்காய் எண்டுறாய். நான் என்னத்தைச் சொல்ல? அம்மா இருந்தா அப்பிடித்தான் கேட்டிருப்பா."

முப்பத்தோராம் நாள் அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் அக்கா சமைத்து இலையில் படைத்தாள். நான் கத்தரிக்காயை வட்டமாக வெட்டிப் பொரித்து, தமிழ்க்கடையில் வாங்கிய கித்துள் மரத்துப் பாணியை ஊற்றி, இலையின் ஓரத்தில் வைத்தேன். ஃபோனில் அக்கா சொன்ன கதை அப்பாவுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தார்.

"கத்தரிக்காய்க்குப் பாணியோ?"

அக்கா அகப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கிரனாடாவில் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று அப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார்.

"கொம்மாவுக்குப் பிடிச்சிருக்குமோ?"

"தெரியாதப்பா."

பிறகு கொப்பியை எடுத்துவந்து, வெள்ளைச் சூப்பிலிருந்து ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்தேன். சுவரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அம்மாவுக்கென்று வைத்திருந்தது.