சித்தப்பாவின் வெள்ளைப் புருவம்

எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி பெயரளவில்தான் எல்லோருக்கும் சொந்தம். அம்மாவுக்குப் பொட்டு வைத்துக்கொள்ள அரை நிமிஷம் போதும். அப்பா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். கண்ணாடி பார்த்தாரா இல்லையா என்பது அவர் தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மீதி நேரமெல்லாம் சித்தப்பாவுடையது. மீசையின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போது, நான் அவர் கைக்கு அடியில் புகுந்துதான் ரிப்பன் கட்டிக்கொள்வேன்.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் வேலையே அப்படி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், உடுத்தினால் எப்படி இருக்குமோ என்று தயங்கும்போது, சித்தப்பா எழுந்து முந்தானையைத் தன் தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்துக்கொண்டு நிற்பார். மீசை வைத்த ஆள் புடவை போட்டு நிற்கிறாரே என்று யாருக்கும் சிரிப்பு வராது. “அந்தத் தம்பி போட்டுக் காட்டினதையே கட்டிக் குடுங்க” என்பார்கள். அவர் நல்ல சிவப்பு. எந்த நிறமும் அவர்மேல் எடுக்கும் என்று கடை முதலாளியே சொல்லுவார். சித்தப்பா அதை வீட்டில் வந்து வாரம் ஒரு முறையாவது எங்களுக்குச் சொல்லுவார்.

நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம் அவருடைய குதிகாலில் கறுப்பாக ஒன்று வந்தது. கால் ஆணி என்றார்கள். ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டார். ஒரு நாள் கடையில் விரித்திருந்த வெள்ளைத் துணியின்மேல் அவர் நடந்துபோன வழியெல்லாம் ரத்தம் பொட்டுப் பொட்டாகப் பதிந்துவிட்டது. அன்று மத்தியானமே அம்மா அவரை உட்காரவைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள். பார்த்த கையோடு அப்பாவுக்குப் போன் செய்தாள்.

சென்னைக்குப் போனார்கள். சதையை எடுத்துச் சோதித்தார்கள். தோலில் வருகிற புற்றுநோய், மெலனோமா என்று பெயர், காலிலிருந்து தொடையிடுக்குக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்கும் போய்விட்டது என்று தெரிந்தது. இவையெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்ன ஒரே வாக்கியம்தான். “நாலாவது ஸ்டேஜாம்.”

மொத்தம் எத்தனை என்று அம்மாவிடம் கேட்டேன். நாலுதான் என்றாள். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. மூன்றைத் தாண்டி வந்தாயிற்று, இன்னும் ஒன்றுதானே பாக்கி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரியிடம், “எங்க சித்தப்பா கடைசி ஸ்டேஜுக்கு வந்துட்டாரு” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அதை டீச்சரிடம் சொல்ல, டீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முறுக்கு கொடுத்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

குதிகாலில் அறுவை செய்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போய் ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும். சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்து. உடம்பையே எழுப்பிவிட்டு நோயோடு சண்டை போடவைக்கிற மருந்து என்றார்கள். அந்த மருந்துக்கு அப்பா எப்படி வழி செய்தார் என்பதை அப்பா இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. முதல் சில தடவை அவர்தான் கூடப் போனார். லீவு தீர்ந்ததும் சித்தப்பா தனியாகப் போய்வர ஆரம்பித்தார். அம்மாவால் போக முடியாது. என் தம்பி அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம்.

ஐந்தாறு தடவை ஏற்றியபின் ஒரு காலை சித்தப்பா கண்ணாடி முன் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய இடது புருவம் பாதி வெளுத்திருந்தது. அடுத்த வாரம் உதட்டோரம் வெள்ளையாக ஒரு திட்டு. பிறகு இரண்டு புறங்கைகளிலும், பாலைக் கொட்டிவிட்டதுபோல.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அம்மா எங்கள் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் தெருக்கோடிவரை கேட்கிறமாதிரி, “இன்னாமா, கொழுந்தனுக்கு வெண்குஷ்டமாமே? குழந்தைய கிட்ட வுடாத” என்றாள்.

“தோல் வெளுத்திருக்குது, அவ்ளோதான். யாருக்கும் ஒட்டாது” என்று அம்மா சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே என்னைச் சித்தப்பாவிடம் தண்ணீர் கொடுக்க அனுப்பினாள்.

ஆனால் கடையிலிருந்தும் ஆள் வந்தது. நன்றாகத் தேறிய பிறகு வரலாம், அவசரமில்லை என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்றைக்குச் சித்தப்பா கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். வெளியே போவதே இல்லை. நான் பக்கத்தில் போனால் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் கச்சபேஸ்வரர் கோயிலில், கார்த்திகை ஞாயிறுகளில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். தலைவலி போகும், நோய் போகும் என்று நம்பிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உள்ளே போய், பிரகாரத்தைச் சுற்றி, “சாமி, சித்தப்பாவோட வெள்ளையெல்லாம் போயிடணும். போயிட்டா நான் விளக்கு தூக்கறேன்” என்று வேண்டிக்கொண்டேன். நோயைப் பற்றிச் சாமியிடம் நான் எதுவும் பேசவில்லை. அதுதான் கடைசி ஸ்டேஜில் இருக்கிறதே, தானாக முடிந்துவிடும்.

ஒரு சாயங்காலம் சித்தப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பிறந்து சில வாரமே ஆன தம்பியைத் தூளியில் போட்டுவிட்டு, அம்மா புடவை முந்தானைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே அவள் செய்த வேலை அது.

“வாணாம் அண்ணி. இனிமே நான் ஊசிக்குப் போவல. செத்தாலும் முழு மூஞ்சியோட சாவுறேன்.”

“மூஞ்சி போனா போவுது தம்பி. எங்களுக்கு ஆளு வேணும்.”

“எனக்கு வேற இன்னா இருக்குது அண்ணி? அது ஒண்ணுதான் இருந்துது.”

அம்மா கையிலிருந்த குச்சை இறுக்கி முடிந்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, “இந்த ஒரு தடவ போயிட்டு வா. பாப்பாவக் கூட இட்டுக்கினு போ. அவ மெட்ராஸ் பாத்ததே இல்ல” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தீபாவளிக்கு எடுத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு விடியற்காலை தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சித்தப்பா முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையின் நுனியை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். அவர் முன்னால் போய் உட்கார்ந்தும் சித்தப்பா கைக்குட்டையை அவிழ்க்கவில்லை.

“பல்லுல வலியா சார்?” என்று கேட்டார்.

சித்தப்பா மெதுவாக அவிழ்த்தார். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு வந்து புருவத்தைப் பார்த்தார். “கைய நீட்டுங்க” என்றார். சட்டை நுனியை மடித்துவிட்டு இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அடுத்த அறையிலிருந்த பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் பின்னால் படிக்கிற டாக்டர்கள் நான்கு பேர். எல்லோரும் சித்தப்பாவின் புருவத்தைக் குனிந்து பார்த்தார்கள். சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போய்விட்டது.

“எப்போலேர்ந்து இது?”

“ஒரு மாசமா சார். இதுக்கு எதுனா களிம்பு...”

“களிம்பா?” என்று பெரிய டாக்டர் சிரித்தார். எனக்குக் கோபமாக வந்தது. அவர் சித்தப்பாவின் தோளில் கையை வைத்தார். “தோலுக்கு நிறம் குடுக்கிற அணுக்கள் இருக்குல்ல, உங்க நோய் அதுலேர்ந்துதான் வந்திருக்கு. இப்ப உங்க உடம்பு முழிச்சுக்கிட்டு அந்த ஜாதியையே தேடித் தேடி அடிக்குது. நல்லது, கெட்டதுன்னு பாக்காம தோல்ல இருக்கறதையும் சேர்த்து அடிக்குது. அதான் வெளுக்குது. இப்படி ஆனவங்க பல பேருக்கு மருந்து நல்லா கேட்டிருக்கு. ஸ்கேன் பாத்துதான் உறுதியா சொல்ல முடியும். ஆனா நான் உங்க இடத்துல இருந்தா இந்தப் புருவத்தை மறைக்க மாட்டேன்.”

சித்தப்பா இரண்டு கைகளையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசி ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது கைக்குட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது.

நான்தான் பஸ்ஸில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். வெள்ளையெல்லாம் போய்விட வேண்டும் என்று சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேனே! காஞ்சிபுரத்தில் இறங்கியதும் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வலமாகச் சுற்றி வேண்டியதை இடமாகச் சுற்றினால் அவிழ்ந்துவிடும் என்பது என் கணக்கு. குதிகாலை விந்தி விந்திக்கொண்டு அவரும் என் பின்னால் வந்தார்.

“பாப்பா, ஏன் இப்டி தலகீழா சுத்திக்கினு இருக்கறோம்?”

“பேசாம வா சித்தப்பா.”

இரண்டாவது சுற்றில் குருக்கள் வழிமறித்தார். “குழந்தே, இப்படிச் சுத்தப்படாது.” எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குருக்கள் சித்தப்பாவின் புருவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவ்வளவுதானே? வேண்டுதலை மாத்திக்கலாம். நானே ஸ்வாமிகிட்டச் சொல்லிடறேன். நீ நேரா சுத்து” என்றார். சித்தப்பா அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். நான் நேராகச் சுற்றி, “இன்னும் நிறைய வரட்டும் சாமி” என்று மாற்றி வேண்டிக்கொண்டேன்.

வந்தது. கழுத்தில், காதோரத்தில், மீசையில் ஒரு பக்கம். ஸ்கேனில் நுரையீரலில் இருந்த கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை நான் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றியபோது, சட்டி சாயாமல் வெள்ளைக் கையால் பிடித்துக்கொண்டு சித்தப்பா கூடவே வந்தார். அடுத்த வருஷம் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. பெரிய டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் தூக்கிக் காட்டினார் என்று சொல்லி, அப்பா எங்கள் டியூப்லைட்டுக்கு முன்னால் அதே படத்தைத் தூக்கித் தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் காட்டினார். எதிர்வீட்டு அம்மாவுக்கு இரண்டு தடவை.

அந்தத் தை மாதம் முகூர்த்த நெரிசலில், கூப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார் சித்தப்பா. அரைக்கை சட்டை. நானும் கூட இருந்தேன். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார் முன்னால் அரக்குப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

“கையில இன்னா தம்பி அது?” என்று அந்த அம்மா கேட்டாள்.

“மருந்து கேட்டதுக்கு அடையாளம்மா. நீங்க புடவயப் பாருங்க” என்றார்.

அந்த அம்மா பார்த்தாள். அதையே கட்டச் சொன்னாள்.

பல வருஷங்கள் ஆகிவிட்டன. சித்தப்பா இன்னும் சோதனைக்குப் போய்வருகிறார். போன மாதம் பேச்சுவாக்கில், சித்தப்பா அன்றைக்கு என்னை மெட்ராஸ் பார்க்கக் கூட்டிப்போனதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்கு முந்தைய தடவை அவர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லையாம். வழியில் வாலாஜாபாத்தில் இறங்கி, சாயங்காலம்வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊசி போட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்திருக்கிறார். புறங்கையில் ஊசி குத்திய தடம் இல்லாததை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். “அண்ணன் மவள பஸ்ஸுல தனியா வுட்டுட்டு எறங்க மாட்டான்னுதான் உன்ன அனுப்பனேன்” என்றாள்.

அன்று காலை பஸ் வாலாஜாபாத்தில் நின்றதும் சித்தப்பா எழுந்து படிக்கட்டுவரை போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். கீழே ஒருவன் கூடையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தான். வாங்கட்டுமா என்று கேட்கிறார் என நினைத்து, நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில், படப்பை தாண்டும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.