மறுபாதியில் வரும் சோதனை

கந்தகத்தின் நெடி எங்கள் வீட்டுக்குள் நுழைவது நைனாவின் சட்டையோடுதான். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் எந்தச் சரக்கு ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதை அவர் சொல்வதற்கு முன்பே, கொடியில் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து அக்காவும் நானும் சொல்லிவிடுவோம். கோதுமை என்றால் ஈரச் சாக்கின் வாசனை. இரும்புத் தாது என்றால் வாசனை ஒன்றுமில்லை, ஆனால் அம்மா துணி அலசும் தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடும். கந்தகம் என்றால் தீபாவளிக்கு மறுநாள் தெருவில் நிற்பது போலிருக்கும், கண்ணும் எரியும். ராயபுரத்தில் எங்கள் சந்தில் பாதி ஆண்கள் துறைமுகத்துக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள்.

வேலை முடிந்து வெளியே வரும்போது துறைமுகத்து வாசலில் காவலர்கள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்து அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ‘சோதனை’. நைனா வரத் தாமதமானால் “கேட்டுல சோதனை” என்று அம்மா சொல்வாள். மாலையில் செபமாலைக்கு உட்காரும்போது பரலோக மந்திரத்திலும் அந்தச் சொல் வரும். சோதனையில் விழாதபடி காக்கச் சொல்லிக் கடவுளிடம் கேட்கும் இடம் அது. துறைமுகத்துக்காரர்களுக்கென்றே எழுதிய வரி என்று நெடுநாள் நம்பியிருந்தேன். மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் எழுந்து, “ரயில்வேல வேல செய்றவங்க இந்த எடத்துல இன்னா சொல்லுவாங்க சிஸ்டர்?” என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்து முடித்துவிட்டு, இது மனசுக்கு வருகிற சோதனை என்று விளக்கினார். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் ‘ஹார்பர்’.

செபமாலையில் ஒவ்வொரு மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் முன்னால் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வது வழக்கம். எங்கள் வீட்டில் முன்னால் சொல்பவர் நைனா. சோதனை வருவது மறுபாதியில். ஆகவே அந்த வரி அம்மா, அக்கா, நான் மூவரும் அவருக்காகச் சொல்கிற வரியாக இருந்தது.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மாலை நைனாவின் சாப்பாட்டுப் பையிலிருந்து காவலர்கள் பித்தளை வால்வு ஒன்றை எடுத்தார்கள். கப்பலில் கழற்றியது. அதை அவர் வைக்கவில்லை. யார் வைத்தது என்றும் அவருக்குத் தெரியாது. அவருக்கு மேலிருந்த மேஸ்திரி போலீஸ் வரை போகாமல் பேசி முடித்தார், ஆனால் உள்ளே போவதற்கான சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். செபத்தின் அந்த வரியை எந்த நாளில் சரியாகச் சொல்லாமல் விட்டோம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். சாயங்காலம் செபமாலை மணிகளில் இறால் வாடை ஏறியிருக்கும். அம்மாவின் தம்பி, எங்கள் தாஸ் மாமா, வாசலில் நின்றபடியே, “இன்னா மாமு, நீ சொல்ற ஜெபத்தைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்து வூட்டுப் பூனையே மோட்சத்துக்குப் போயிடும் போலக்கீது. உனுக்கு மட்டும் வேல வரமாட்டேங்குதே” என்பார். நைனாவும் சிரிப்பார். செபம் ஒருநாளும் நிற்கவில்லை. அவர் குரல் மட்டும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வந்தது.

அந்த நிலையில்தான் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். நைனாவோடு வேலை பார்த்த தர்மா என்பவர், கந்தகம் அள்ளக் கையுறை வேண்டும் என்று கேட்டுக் கூட்டாளிகளையும் கேட்க வைத்திருந்தார். மேஸ்திரிக்கு அவரை வெளியே அனுப்ப ஒரு காரணம் தேவைப்பட்டது.

“ஒரு பேரு சொல்றதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு லூர்து? தர்மாதான் வெச்சான்னு சொல்லு. நாளைக்குக் காலீல கப்பல்ல நில்லு.”

“நான் பாக்கல மேஸ்திரி.”

“பாத்தியா, பாக்கலியான்னு எவன்யா கேட்டான்? சொல்லுன்னுதான் கேக்கறேன்.”

காலையில் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். கதவோரம் நின்றிருந்த அம்மா உள்ளே வந்தாள். கோயில் மணிக்கு முன்பே எழுந்திருக்கிறவள், வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறவள். இறால் முள் குத்திச் சிவந்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொல்லிட்டாதான் இன்னா? ஒரு பேருதானே. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிகினு நான் எவ்ளோ நாளு இறாலு உரிப்பேன்?”

நைனா எழுந்தார். மெழுகுவர்த்தி ஏற்றினார், பாயை விரித்தார், நாங்கள் உட்கார்ந்தோம். முதல் மந்திரத்தைத் தொடங்காமல் மணிகளை அம்மாவிடம் நீட்டினார். “ரோசி, இன்னிக்கி நீ முன்னாடி சொல்லு. நான் பின்னாடி சொல்றேன்.”

தொண்டை சரியில்லை போலும் என்று நினைத்து அம்மா தொடங்கினாள். மறுபாதியில் எங்களோடு நைனாவின் குரலும் சேர்ந்தது. பழக்கமில்லாததால் எங்களைவிடச் சற்றுப் பின்தங்கி வந்தது. அந்த வரியை நாங்கள் வேகமாகக் கடந்துவிட, அவர் குரல் மட்டும் தனியாக அதைச் சொல்லி முடித்தது. சிஸ்டர் சொன்ன சோதனை எது என்று எனக்கு அப்போது புரிந்தது. துறைமுகத்து வாசலில் நடந்தது அல்ல, அது முடிந்துபோயிருந்தது. மற்றது எங்கள் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. அம்மா நைனாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த மந்திரத்தைத் தொடங்கினாள்.

மறுநாள் காலை நைனா துறைமுகத்துக்குப் போகவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்கு நடந்து போய் மூட்டை தூக்க நின்றார். கடைசிவரை அங்கேதான் வேலை பார்த்தார். கூலி குறைவு, அம்மாவும் இறால் உரிப்பதை விடவில்லை. வால்வை வைத்தது யார் என்பது தெரியவே இல்லை. தர்மா தெருவில் எதிர்ப்பட்டால், “இன்னா தோஸ்து, கண்ணுலயே ஆப்புட மாட்ற” என்று நைனாவின் தோளில் தட்டிவிட்டுப் போவார். தன் பெயர் எங்கள் வீட்டில் பேசப்பட்டது அவருக்குத் தெரியாது.

இப்போது சரக்கெல்லாம் மூடிய பெட்டிகளில் வந்து மூடியபடியே லாரிகளில் போகிறது. எங்கள் பழைய சந்தில் இன்னும் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் சட்டையை முகர்ந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நைனா இல்லை. அக்கா வெளியூரில். அம்மா என்னோடு திருவொற்றியூரில் இருக்கிறாள். அன்று மாறிய முறை பிறகு மாறவே இல்லை. இன்றும் அவள்தான் முன்னால் சொல்கிறாள், மறுபாதியை நான் ஒருத்தியாகச் சொல்கிறேன். தன் பாதி முடிந்ததும் அம்மா வாயை மூடிக்கொள்வாள். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் மறுபடி திறந்து, எனக்குச் சற்றுப் பின்தங்கி, அதையும் சொல்லி முடிக்கிறாள்.