நகம் நின்ற இடம்

ஈரத்துணியால் ஒரு சாண் துடைப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் வெல்டிங் தழும்பை மெல்லத் தடவுவார். மறுபடி ஒரு சாண். விண்ணுக்குப் போய்த் திரும்பிய ராக்கெட்டின் அடிப்பகுதி கொட்டகையில் படுத்துக் கிடக்கிறது, உடம்பெல்லாம் கரி. முழுதும் கழுவினால் நான்கு நாள் வீண் என்று மூட்டுகளை மட்டும் துடைக்கச் சொல்கிறது கம்பெனி. பதினோரு வருஷமாகத் துடைத்துச் சோதிக்கிற இவருக்குக் கரியக்கா என்றே பெயர். வீட்டில் தலையணை உறைகூடச் சாம்பல் நிறம்தான்.

பத்தாவது பயணத்துக்கு முந்தின நாள், எஞ்சினைத் தாங்கும் வளையத்தில் நகம் தட்டி நின்றது. சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் கோடாக எழும். அரை மணி வேலை. சாயம் எடுக்க இறங்கித் திரும்புவதற்குள், இருந்த ஒரே தூக்கு மேடையில் பெயின்டர்கள் ஏறிவிட்டார்கள். செயற்கைக்கோள் ஒரு வானொலிக் கம்பெனியுடையது. அவர்கள் சின்னம் படத்தில் பளிச்சென்று விழ வேண்டுமாம்.

"மூஞ்சிக்குப் பவுடர் போடுங்க. பல்லு சொத்தையா இருந்தா என்ன," என்றார் கரியக்கா.

"ஒம்பது தடவ போயிட்டு வந்தாச்சுக்கா. கையெழுத்தப் போடுங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"அதனாலதான் தம்பி பாக்கணும்ங்கறேன். என் கையெழுத்து வேணும், என் கண்ணு வேணாமா?"

"ஏழு மணிக்குக் கெளம்பும்னு ரேடியோக்காரங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

"வெடிச்சா அதையும் அவங்களே சொல்லுவாங்களா?"

படிவத்தில் 'சரி' என்று ஒரே கட்டம். மறுக்க இடமில்லை. ஓரத்தில் 'பார்க்க விடவில்லை' என்று எழுதினார். மேற்பார்வையாளர் புதுப் படிவம் எடுத்தார். அடுத்த ஷிப்டுக்காரர் கொட்டகைக்குள் வராமலே, கேன்டீன் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கரியக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். இனி மலைப்பாதையிலும் ரேடியோப் பாட்டு அறுபடாது என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். "ஒரு கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

"உங்க வண்டி பிரேக்க இப்படிப் பாத்துக் குடுத்தா ஏறுவீங்களா?"

மறுநாள் ஏழு மணிக்கு ராக்கெட் கிளம்பியது. செயற்கைக்கோள் சரியான பாதையில் சேர்ந்தது. அடிப்பகுதி நேராக வந்து இறங்கியது. கைதட்டினார்கள். மாலையில் அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். மேற்பார்வையாளர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கரியக்காவும் வாங்கித் தின்றார். பிறகு மேடை ஏறி வளையத்தைத் துடைத்தார். சாயம் தடவிக் காத்திருந்தார். பொடி தெளித்தார். ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு எழுந்தது. மேற்பார்வையாளரை மேலே கூப்பிட்டார். அவர் கையைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தைக் கோட்டின்மேல் வைத்து, கடைசிவரை இழுத்தார்.