நூற்றுப் பத்தொன்பதுக்கும் பெயர் உண்டு

திருவொற்றியூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். கோபக்காரி என்று பெயரெடுத்தவள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பீரியடில் எவளாவது கொட்டாவி விட்டால் சாக்பீஸ் பறக்கும். அன்றைக்குத் தனிம அட்டவணை. கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து, "மிஸ், எல்லாத்தையும் கண்டுபுட்ச்சிட்டாங்களா? இன்னும் எதுனா பாக்கி கீதா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கென்னவோ கேள்வி பிடித்திருந்தது.

நூற்றுப் பதினெட்டு வரை வந்துவிட்டது, ஏழு வரிசையும் நிரம்பிவிட்டது என்றேன். கடைசியில் இருப்பவை மண்ணிலோ கடலிலோ கிடைத்தவை அல்ல. ஆய்வுக்கூடத்தில் அணுவோடு அணுவை மோதவிட்டுச் செய்தவை. அவற்றில் சில கண் இமைப்பதற்குள் சிதைந்துவிடும். அதற்கு மேலும் உண்டா, எங்கேயாவது நட்சத்திரத்துக்குள் இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. நூற்றுப் பத்தொன்பதாவதைச் செய்துவிட முயன்றுகொண்டே இருக்கிறார்கள். இதுவரை சிக்கவில்லை.

"அதுக்கு இன்னா மிஸ் பேரு?"

"அது இன்னும் வரவே இல்லடி. ஆனா பேர் ரெடியா இருக்கு. அதோட நம்பரை வெச்சே தற்காலிகமா ஒண்ணு வெச்சிருக்காங்க."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றும் எழுதாத இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் போன வருடம் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். ஒரு பகல் இருந்தாள். நாங்கள் ராயபுரத்துக் கத்தோலிக்கர்கள். எங்கள் வீடுகளில் பிள்ளை கைக்கு வருமுன் பெயரைப் பேசமாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். உயிர் தங்காது என்றால் சர்ச் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். டாக்டர் கைவிரித்தபோது நான் மயக்கத்தில் கிடந்தேன். என் கணவர்தான் ஊற்றினார். பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் "பாப்பா" என்று சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் செல்லும் என்றார் சாமியார். கல்லறைச் சிலுவையிலும் "பாப்பா" என்றே எழுதினார்கள். எங்கள் தெருவில் பாதிப் பெண்பிள்ளைகள் பாப்பாதான். இவளுக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த வகுப்பு நடந்த அன்று சாயங்காலம் துறைமுகத்திலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"யோவ், இன்னும் வராத ஒண்ணுக்கு உலகத்துல பேர் வெச்சிருக்கான். வந்துட்டுப் போன என் பொண்ணுக்கு ஒரு பேர் உன் வாயில வரலியா? கல்லாய்யா நீ?"

எதிர்த்துக் கத்துவார் என்றுதான் நினைத்தேன். கிரேன் ஓட்டுகிற மனுஷன், குரல் எட்டூருக்குக் கேட்கும். கத்தவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"பேரு இல்லாம இல்லம்மே. உன் வயித்துல இருக்கசொல்லவே வெச்சிட்டேன். டெய்லி கிரேன் மேல குந்திகினு கூப்டுவேன். உன்னாண்ட சொன்னா கண்ணு பட்டுடும்னு சொல்லல. அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பேர சொல்லி தண்ணி ஊத்தினா, புள்ள போறதுக்கு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடும்ல? வூட்டுக்கு இட்டாந்து கூப்டலாம்னு வெச்சிருந்தேம்மே."

எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொல்லு" என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

நான் பெற்ற மகளைப் பேர் சொல்லி அழுதது அன்றைக்குத்தான்.