சகலையின் மோவாய்

போன மாதம் ஒரு லேடி டாக்டர் என் எதிரே ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து வைத்தார். பிஸ்கட் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால்... மோவாய்!

ஒன்றிரண்டு இல்லை. வரிசையாக ஏழெட்டு. வெள்ளை வெளேரென்று சிலிக்கானில் செய்த பிறை வடிவத் துண்டுகள். சின்னது, நடுத்தரம், பெரியது. உதட்டுக்குக் கீழே உள்பக்கமாகக் கீறி, எலும்பின் மேல் இதை உட்கார வைத்துத் தைத்துவிட்டால் இல்லாத மோவாய் வந்துவிடுமாம். இம்ப்ளான்ட் என்று பெயர்.

பதற வேண்டாம். எனக்கு இல்லை. இந்த வயதில் எனக்கு மோவாய் ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது. என் சகலை கஜேந்திரனுக்கு.

கஜேந்திரன் என் மனைவியின் தங்கை ரேவதியின் கணவர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு படத்தை அனுப்பினால், அதைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து காட்டும் இடம் அது. ஒரு ஷூவைக் கையில் வாங்கிய நொடியில், எங்கே ஒரு நூல் கோணல் என்று சொல்லிவிடுவார். அவருக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்தெட்டு வருடம் தாடியோடு வாழ்ந்தவர்.

தாடி ஸ்டைலுக்காக வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் சறுக்குமரம். உதட்டில் ஒரு எறும்பை விட்டால் எங்கும் நிற்காமல் நேராகக் கழுத்துக்குப் போய்விடும் என்று சொல்லிச் சிரிப்பார்களாம். மீசை முளைத்ததும் கூடவே தாடியையும் வளர்த்துவிட்டார். அந்தத் தாடியோடுதான் பெண் பார்க்கப் போனார், தாலி கட்டினார், இரண்டு பெண்களுக்கு அப்பாவானார். தன் மோவாயை ரேவதி பார்த்ததே இல்லை என்பது அவர் நம்பிக்கை.

சிக்கல் ஹேர் டையில் ஆரம்பித்தது. தாடி நரைத்தது. டை அடித்தார். டை ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் தடித்துப் போயிற்று. தோல் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, இனி டை கூடாது, வெள்ளைத் தாடியோடு இருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். சாதாரண மனிதனுக்கு இது ஒரு பிரச்சினையா? நம் கஜேந்திரனுக்கு உலகமே இருண்டுவிட்டது. வெள்ளைத் தாடி வைத்தால் தன் அண்ணனுக்கே அண்ணன் போலத் தெரிவார். எடுத்தாலோ சறுக்குமரம்.

தடிப்பு அடங்கியதும் வேலூர் பாகாயத்தில் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே என்னை ஓரம் கட்டினார்.

"அண்ணா, மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மாவைப் பாத்துட்டேன். ஆபரேஷனுக்கு கூட ஒரு ஆள் வரணுமாம். ரேவதிக்குத் தெரியக் கூடாது. நீங்கதான் வரணும்."

உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் நான் மட்டும் என்ன? இடது காதோரம் மிஞ்சியிருக்கும் முடியை வளர்த்து, உச்சந்தலை வழியாக வலது காதுக்கு வாரிவிட்டுக்கொண்டு, பதினைந்து வருடமாக யாரையோ ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருப்பவன்தானே? ஃபேனுக்கு நேராக உட்காராத என்னைப் போன்றவர்களுக்கு அடுத்தவர் மோவாயைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?

சரி என்றேன்.

கம்பெனி வேலையாக ஒன்பது நாள் சென்னை என்று அவர் வீட்டில் சொன்னார். பத்திரிகை வேலை என்று நான் என் வீட்டில் சொன்னேன். வழக்கமாக என் மனைவி எட்டு கேள்வி கேட்பாள். அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. இட்லியை மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக்கொடுத்து, பார்த்துப் போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்... இட்லி மெத்தென்று இருந்ததால் புத்தி வேலை செய்யவில்லை.

இனி அந்த ட்ரேவுக்கு வருவோம்.

வேறு யாராக இருந்தாலும் அதைத் தொடவே தயங்கியிருப்பார்கள். கஜேந்திரன் ஒன்றை எடுத்தார். வளைத்தார். அழுத்திவிட்டு, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் நெருடினார். கடைசியில் முகர்ந்து வேறு பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஃபினிஷிங் நல்லா இருக்குது மேடம்" என்றார் கஜேந்திரன்.

டாக்டர் கம்ப்யூட்டரில் அவர் முகத்தைப் போட்டு, தாடி இல்லாமல் மோவாய் வைத்தால் எப்படி இருக்கும் என்று காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. கன்னத்துக்கும் இரண்டு இம்ப்ளான்ட் வைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, அதையும் போட்டுக் காட்டினார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டது. திரையில் இருந்தது எங்கள் மாமனார்.

அதே உப்பிய கன்னம். மாப்பிள்ளை இன்னும் பிரமோஷன் வரலையா என்று கேட்கிற அதே முகம்.

"கன்னம் வாணாம் மேடம்" என்றார் கஜேந்திரன், அவசரமாக.

மறுநாள் ஆபரேஷன். அதற்கு முன் தாடியை மழித்தார்கள். தாடிக்குள் போன பிறகு அந்த மோவாயை நேரில் பார்த்த ஒரே உறவினன் நான். சொன்னால் நம்புவீர்களா — அப்படி ஒன்றும் இல்லை. சின்ன மோவாய், அவ்வளவுதான். பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அவர் அதைக் கையால் மூடிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை கையை எடுக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முகம் பலாப்பழம் போல வீங்கியது. லாட்ஜில் அவருக்கு ஜூஸும் கஞ்சியும் ஸ்பூனில் ஊட்டினேன். ரேவதி தினமும் போன் செய்தாள். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்பாள். இவர் ம்ம் என்பார். வைத்துவிடுவாள். அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை என்று எழுதிக் காட்டி எனக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஒன்பதாம் நாள் வீக்கம் ஓரளவு வற்றியது. முகத்தில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஆம்பூருக்கு வந்து இறங்கினோம்.

வாசலில் ரேவதி நின்றாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் என் மனைவி. பாகாயத்தில் இருக்க வேண்டியவள் இங்கே எதற்கு வந்தாள்? ரேவதி அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளே மாஸ்க்கைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் நுனியால் மெதுவாகத் தொட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?" என்றாள்.

கஜேந்திரன் விழித்தார். "எடுக்கல ரேவதி... வச்சாங்க."

விஷயம் இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் தாடையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வேலூரில் எப்போதும் போகிற சென்டரிலேயே கஜேந்திரன் எடுத்திருக்கிறார். அங்கே பதிவாகியிருந்தது ரேவதியின் நம்பர். தாடை ஸ்கேன் ரிப்போர்ட் தயார் என்று மெசேஜ் நேராக அவள் போனுக்குப் போய்விட்டது. மனிதருக்குப் பாக்கு போடும் பழக்கம் இருந்தது. அவரோடு வேலை செய்த ஒருவருக்குத் தாடையில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. ரேவதி தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். நாம் பயப்படக் கூடாது என்றுதான் மறைக்கிறார், மறைத்துக்கொள்ளட்டும் என்று கேட்காமலே இருந்திருக்கிறாள். அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்கு ஏன் கேள்வியே இல்லாமல் மெத்தென்ற இட்லி வந்தது என்று இப்போது புரிந்தது.

கஜேந்திரன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சறுக்குமரம் வரைக்கும் சொன்னார். ரேவதி எழுந்து உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்க பத்தாவது ஹால் டிக்கெட்டை வாங்கினு வந்து காட்டினாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டுதான் சரின்னேன்."

இருபத்திரண்டு வருடமாகத் தெரியுமாம்! ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் கஜேந்திரன். நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள்.

அதோடு முடியவில்லை. அவர் நல்லபடியாக வீடு திரும்பினால் திருப்பதிக்கு வந்து தன் தலைமுடியைத் தருவதாக ரேவதி வேண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பைத் தாண்டும் முடி அது. கஜேந்திரன் பதறிப் போனார். எனக்குத்தான் நோயே இல்லையே, வேண்டுதல் செல்லாது என்று வாதாடினார்.

"சாமிகிட்ட நான் நோயின்னு சொல்லல. நல்லபடியா வீட்டுக்கு வரணும்னுதான் வேண்டிக்கினேன். வந்துட்டீங்க."

இதற்கு எந்த வக்கீலால் பதில் சொல்ல முடியும்? மறு வாரமே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

புது மோவாயோடு கஜேந்திரன் கம்பெனிக்குப் போனார். எல்லோரும் தாடி எங்கே என்று கேட்டார்களே தவிர, மோவாயை ஒருவரும் கவனிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்துக்குத் தம்பதியாகப் போயிருக்கிறார்கள். அங்கேயும் கூட்டம் மொத்தமும் ரேவதியைத்தான் பார்த்ததாம்.

நேற்று அவரைப் பார்க்க ஆம்பூர் போயிருந்தேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா... அவளுக்குத் தலை இன்னா அழகான ஷேப்பு தெரியுமா? இத்தினி வருஷம் எனக்குத் தெரியவே இல்ல."

இதை என்னிடம் ஏன் சொல்கிறீர்கள், போய் அவளிடம் சொல்லுங்கள் என்றேன். எழுந்து உள்ளே போனார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவரும் வரவில்லை, காபியும் வரவில்லை — சந்தோஷமாக பஸ் ஏறிவிட்டேன்.