வெயிலுக்கு முதுகு காட்டி நடந்த நாடு

ரெனான் நகரத்தில் இருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸில் கடைசித் தரிப்பில் இறங்கினால் ஒரு விளையாட்டு விடுதி. வெளியூர் அணிகள் வந்து தங்கிப் பயிற்சி எடுக்கும். அதன் கீழ்த்தளத்தில் லோன்றி. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே உடுப்புத் தோய்த்தேன். இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிற வேலை அண்ணைக்கு.

கூடப்பிறந்த அண்ணை இல்லை. எங்கள் நாட்டில் வடமராட்சிப் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணை. விடுதியின் கூரைக்குக் கீழே அவருக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். வேலையோடு வந்த அறை. வேலை போனால் அதுவும் போகும். பிறகு திரும்ப அகதி முகாம், அடுக்குக் கட்டில், யாரோ ஒருவரின் இருமல்.

காலையில் நாங்கள் வேலை தொடங்கும்போது கீழே ஏரி தெரியாது. முகில் மூடிக் கிடக்கும். மேலே நாங்கள் மட்டும் மிதப்பது போல இருக்கும். மாட்டு மணிச் சத்தம் வரும், மாடு தெரியாது. நான் அந்த நேரத்தில் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் கலைந்துவிடும் போல இருக்கும்.

பனி உருகி முடிந்த ஒரு காலத்தில் அந்தக் குட்டி நாட்டின் அணி வந்தது. ஐரோப்பாவில் கைக்குட்டை அளவு நாடுகள் சில இருக்கின்றன. அவை சேர்ந்து தங்களுக்கென்று ஒரு விளையாட்டுப் போட்டி வைக்கத் தொடங்கியிருந்தன. பெரிய நாடுகளோடு ஓடினால் இவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது, அதுதான் என்று மதாம் சொன்னார். மதாம்தான் லோன்றிக்குப் பொறுப்பு.

மொத்த அணியும் ஒரு பஸ்ஸில் பாதி. ஓடுகிறவள் தன் ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். ஈட்டி எறிகிறவன் பேக்கரியில் பாண் போடுகிறவன். நீந்துகிற இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உடுப்பு எடுக்க வரும்போது கையைக் காலைக் காட்டிச் சொல்வார்கள். அவர்கள் பேசியது என்ன மொழியென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“இதென்னடா நாடு? எங்கட சந்தையில நிக்கிற சனம் இதைவிடக் கூட” என்றார் அண்ணை.

“அவைக்கெண்டு ஒரு கொடி இருக்கு அண்ணை.”

“ஓம். அது இருக்கு.”

திரும்பி அடுத்த உடுப்பை மேசையில் விரித்தார்.

தொடக்க நாள் அணிவகுப்புக்கு வெள்ளை மேற்சட்டை. தையல் தாமதமாகி, புறப்படுகிற நாள் காலையில்தான் பெட்டி வந்தது. பின்னேரம் பஸ். மதாம் பெட்டியை அண்ணையிடம் கொடுத்தார். மடிப்புக் குலையாமல் மினுக்கித் தூக்கிவைக்க வேண்டும். அண்ணை ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். வரும்போது ஒரு கையைப் பொத்திக்கொண்டு வந்தார். நான் தோய்க்கிற இயந்திரத்தோடு நின்றேன். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கவனிக்கவில்லை.

மத்தியானம் பயிற்சியாளர் ஒரு மேற்சட்டையைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தார். பெரிய உருவம். கழுத்தில் விசில். கொலரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு மஞ்சள் பொட்டு. உள்ளே வைத்தது நீராவியில் ஊறி வெளியேயும் வந்திருந்தது. எல்லாச் சட்டையிலும் அதே இடத்தில்.

“என்னண்ணை இது?”

“புது உடுப்படா. மஞ்சள் வைக்காமல் குடுக்கிறதே?”

“இவை ஆரண்ணை? வெள்ளைக்காரர். இவைக்கு என்னத்துக்கு மஞ்சள்?”

“ஆராயிருந்தா என்ன? பிள்ளையள் தூரத்துக்குப் போகுதுகள்.”

பயிற்சியாளர் விசிலைவிடச் சத்தமாகக் கத்தினார். பிரெஞ்சில் பாதி எனக்கு விளங்கியது. இவனை யார் வேலைக்கு வைத்தது என்பது நன்றாகவே விளங்கியது. அண்ணைக்கு அதுகூட விளங்கவில்லை, ஆனால் முகம் வெளிறிவிட்டது. நான் சட்டைகளை வாங்கித் தொட்டியில் போட்டுச் சவர்க்காரம் தேய்த்தேன். மஞ்சள் சிவந்தது. சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? பதற்றம், தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு கொலரிலும் ரத்தம் போல ஒரு பொட்டு. கழுத்தில் வெட்டு விழுந்த ஆட்களின் உடுப்பு மாதிரி.

பயிற்சியாளர் கத்துவதை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

மதாம் வந்தார். பார்த்தார். சமையலறையில் இருந்து சலாட்டுக்கு ஊற்றுகிற வினாகிரிப் போத்தலை எடுத்துவந்து தொட்டியில் ஊற்றினார். சிவப்பு மறுபடி மஞ்சளானது. பிறகு அண்ணையைப் பார்த்து, ஏன் என்று ஒரு சொல்லில் கேட்டார்.

அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம். புதுசு, எங்கள் நாடு, நல்லது என்று மூன்றையும் மாறி மாறிச் சொன்னார்.

“என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றார் மதாம்.

அதை நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

“கேட்டா வேண்டாமெண்டு சொல்லியிருப்பா” என்றார் அண்ணை.

அதை நான் பிரெஞ்சில் சொல்லவில்லை.

மதாம் யன்னலைக் காட்டினார். முகில் விலகி வெயில் விழுந்திருந்தது. சின்ன வயதில் தன் தாய் விரிப்புகளை இப்படித்தான் வெயிலில் போட்டு வெளுப்பார் என்றார். பயிற்சியாளரிடம், பஸ் வரும்வரை பொறுக்கச் சொன்னார். கறை போகாவிட்டால் இவனை அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னார். எனக்கு விளங்கியது. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

பிழிந்து வெளியே எடுத்துப்போய் உடுப்புக் காயப்போடுகிற கொடியில் போட்டோம். கொலர் வெயிலைப் பார்க்க. சட்டைகள் காற்றில் கையை ஆட்டின. மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. அண்ணை ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி முதலில் இருந்து வந்தார். சட்டைகள் காய்ந்து, பாதி நிறமும் போயிருக்கும். அப்போது தேவதாரு மரங்களின் நிழல் கொடிக்கு மேல் வந்துவிட்டது. வெயில் கீழே புல்வெளியில் கிடந்தது. புல் ஈரம், மாட்டுச் சாணம். வெள்ளைச் சட்டையை எங்கே விரிக்கிறது?

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

தபால்காரப் பெண் படியில் இருந்து அப்பிள் தின்றுகொண்டிருந்தாள். எழும்பி வந்து கொடியில் இருந்து தன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொலரை நிமிர்த்திவிட்டாள். புல்வெளியில் இறங்கி வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டு வந்து தங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். பயிற்சியாளர் முதலில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விசில் அடித்தார். எப்படியும் அணிவகுப்புப் பழக வேண்டும்தானே.

பாண்காரன் நிலம் கூட்டுகிற எங்கள் தும்புத்தடியைக் கொடிக்கம்பமாகப் பிடித்தான். இரண்டு இரண்டு பேராக ஒரு நாடு முழுவதும் புல்வெளியில் இறங்கிப் போனது. வேலி வந்ததும் பிரச்சினை. திரும்பினால் கழுத்து நிழலுக்குப் போகும். அதனால் திரும்பவில்லை. அப்படியே பின்பக்கமாக ஏறி வந்தார்கள். காலை உயர்த்தி, கையை வீசி, முகம் ஏரியைப் பார்க்க, பின்னுக்குப் பின்னுக்கு. நீந்துகிற பிள்ளை ஒன்று விழுந்து எழும்பியது, சட்டையில் மண் படாமல். மாடுகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

சத்தம் எங்களுக்கு எட்டவில்லை. காற்று மற்றப் பக்கம். வெள்ளையாக, சத்தமில்லாமல், போவதும் வருவதுமாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணை மூடினால் இல்லாமல் போய்விடுமோ என்று நான் மூடாமல் நின்றேன்.

“பொம்பிளை மாப்பிளை ஊர்வலம் மாதிரி இருக்கண்ணை. மேளம்தான் இல்லை.”

“சும்மா இரடா” என்றார். அவர் கழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. பயிற்சியாளர் ஒவ்வொருவர் கொலரையும் மடித்துப் பார்த்தார். கிட்டப் பார்த்தால் பாலாடை நிறத்தில் ஒரு நிழல். தூரத்தில் ஒன்றும் இல்லை. கடைசிக் கொலரைத் திரும்ப மடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். தபால்காரப் பெண் யன்னலால் கையசைத்தாள். அவர்கள் வென்றார்களோ தோற்றார்களோ, இங்கே எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ரிவியிலும் காட்டவில்லை. அவர்கள் நடந்ததை நான் பார்த்தது அந்தப் புல்வெளியில் மட்டும்தான்.

கீழே வந்ததும் அண்ணை ஏப்ரனைக் கழற்றினார். நாலாக மடித்து மினுக்குகிற மேசையில் வைத்தார். மதாம் வரும்வரை பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன்.

மதாம் வந்து ஏப்ரனைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மூலையில் மலை போலக் கிடந்த படுக்கை விரிப்புகளைக் கையால் காட்டி ஏதோ சொல்லிவிட்டு மேலே போனார்.

“என்னடா சொல்லுறா?”

“நாளைக்கு வேற ஆக்கள் வருகினமாம். விரிப்பெல்லாம் மினுக்கட்டாம்.”

“வேற?”

“எல்லாம் பழைய விரிப்பாம், அண்ணை.”

அவர் ஒரு விரிப்பை இழுத்து, புதுசா என்று ஓரத்தைப் பார்த்தார்.

“அப்ப சரி” என்று ஏப்ரனை எடுத்துக் கட்டினார்.